கண்ணை மூடினால் நெஞ்சு இறுகுகிறது. தியானம் எனக்கு ஒத்துவராதா?

வாசகி கேட்கிறார்:

எனக்கு வயது 43. ஒன்றரை வருடமாகத் தியானம் பழகுகிறேன். முதலில் கைபேசிச் செயலியில் ஒரு குரல் சொல்லச் சொல்லச் செய்தேன். பிறகு மந்திர ஜபம். அது சலித்ததும் புருவ மத்தியில் கவனம். இப்போது மூச்சு. தினமும் காலை ஐந்து மணிக்கு அரை மணி நேரம் உட்காருகிறேன். எண்ணம் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. நன்றாக ஆழமாக இழுத்து விடச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் பத்து நிமிடத்துக்குள் நெஞ்சு இறுகுகிறது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது, தலை கிறுகிறுக்கிறது. பயந்து எழுந்துவிடுகிறேன். செயலியில், “உங்களுக்கு மிகவும் பிடித்த ஒருவரை நினைத்து அன்பை அனுப்புங்கள்” என்பார்கள். அம்மா முகம்தான் வரும். போன வருடம் தவறிவிட்டார். அழுது ஓய அரை நாள் ஆகும்.

இதைவிட வெட்கமான விஷயம் ஒன்று. போன வாரம் நான் உட்கார்ந்திருக்கும்போது மகன் கதவைத் திறந்து ஏதோ கேட்டான். கத்தித் தீர்த்துவிட்டேன். “தியானம் பண்ணாத அன்னைக்குத்தான் அம்மா நல்லா இருக்காங்க” என்றாள் மகள். அம்மா போனதிலிருந்து அண்ணனோடு பேச்சில்லை. தியானம் கைகூடினால் அந்த மனத்தாங்கலையும் தாண்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் பிடிப்பதில்லை. அதனால் ஐந்து மணிக்கு உட்காருவதில் மட்டும் எனக்குக் கஷ்டமில்லை. தோழி பத்து நாள் மௌன முகாமுக்குக் கூப்பிடுகிறாள். போகலாமா? எந்த முறை எனக்குச் சரி? இல்லை, நான் தியானத்துக்கே லாயக்கில்லாதவளா? உள்ளே கொஞ்சம் அமைதி வேண்டும், கொஞ்சம் நல்ல மனுஷியாக ஆகவேண்டும், அவ்வளவுதான்.

உளவியலாளர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

லாயக்கு என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். எண்ணம் ஓடுகிறது என்று தெரிகிறது, கத்தியதற்கு வெட்கம் வருகிறது, மகள் சொன்னதை மறைக்காமல் எழுத முடிகிறது. தன்னைக் கவனிக்கத் தெரியாத ஒருவரால் இப்படிக் கடிதம் எழுத முடியாது. உங்கள் சிக்கல் வேறு. உடம்பு, தூக்கம், துக்கம், கோபம், அண்ணன் என்று ஐந்து விஷயங்களை ஒரே அரை மணி நேரத்தின் தலையில் கட்டியிருக்கிறீர்கள். அது தாங்கவில்லை.

உடம்பிலிருந்து தொடங்குகிறேன். உங்களைப் பயமுறுத்துவது அதுதான்.

விரல் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் பெரும்பாலும் தேவைக்கு மேல் மூச்சு விடுவதால் வருபவை. ஆழமாக இழுத்தால் ஆக்சிஜன் கூடும், உடம்புக்கு நல்லது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்துதான் இருக்கிறது. கூடுதலாக இழுத்து விடும்போது நடப்பதெல்லாம் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறுவதுதான். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும், தலை சுற்றும். ரத்தத்தின் காரத்தன்மை கூடும்; அதனால் நரம்புகள் எளிதில் தூண்டப்பட்டு விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவதுபோல் இருக்கும். நெஞ்சு இறுகும். இறுகியதும் ‘மூச்சு போதவில்லை’ என்று தோன்றி இன்னும் வேகமாக இழுப்போம். பதற்றம் வந்தவர்களிடம் நடப்பதும் இதே சுழற்சிதான். நீங்கள் தினமும் காலையில் உட்கார்ந்து, உங்களை அறியாமல், பதற்றத்தைப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே ஆழ மூச்சை இன்றோடு நிறுத்துங்கள். மூச்சு அதுபாட்டுக்கு வந்து போகட்டும். ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று கை பரபரத்தால், மூக்கு வழியே வெளிவிடும் மூச்சை மட்டும், சிரமப்படாமல், உள்ளிழுப்பதைவிடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே லேசாகக் குறையும். வேகஸ் என்ற நரம்பின் வேலை அது. மூச்சை அடக்கிப் பிடிப்பது உங்களுக்கு இப்போது வேண்டவே வேண்டாம்.

இதோடு ஒரு மருத்துவரையும் பாருங்கள். 43 வயதில் நெஞ்சு இறுக்கத்தைக் கடிதத்தை மட்டும் படித்துவிட்டு ‘பதற்றம்தான்’ என்று முத்திரை குத்த நான் தயாரில்லை. ஈ.சி.ஜி., ரத்தசோகை, தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. படியேறும்போதோ வேகமாக நடக்கும்போதோ இதே இறுக்கம் வந்தால் தள்ளிப்போடாமல் அன்றைக்கே போங்கள்.

இன்னொன்றும் உண்டு. கண்ணை மூடித் தளரத் தொடங்கியதும் சிலருக்குப் பதற்றம் ஏறும். உளவியல் ஆய்வுகளில் 1980-களிலேயே பதிவான விஷயம் இது. நாள் முழுக்க வேலை, சத்தம், திரை என்று எதையாவது பிடித்துக்கொண்டு ஓடிய மனம், பிடி நழுவியதும் மிரள்கிறது. இவர்களை இன்னும் இறுக்கிக் கண்ணை மூடச் சொல்வது மோசமான யோசனை. கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஜென் மரபில் பாதி திறந்த கண்ணோடுதான் உட்காருகிறார்கள்; அதன் ஒரு பிரிவில் சுவரைப் பார்த்து. நடக்கலாம். நடைத் தியானம் பௌத்த மடங்களில் உட்காருவதற்குச் சமமான பயிற்சியாகவே இருந்துவருகிறது. கண் மூடாவிட்டால் அது தியானமே ஆகாது என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

இனி, எண்ணம் நிற்காத கதை.

இந்தக் குறையைச் சொல்லாதவர்கள் இல்லை. பதஞ்சலி யோகத்துக்குச் சொன்ன இலக்கணமே சித்த விருத்திகளை, அதாவது மனத்தின் ஓட்டங்களை, நிறுத்துவது என்பதால், உட்கார்ந்த முதல் நாளே எண்ணம் நின்றுவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதே பதஞ்சலி எட்டு அங்கங்களை வரிசைப்படுத்தியபோது தியானத்தை ஏழாவதாக வைத்தார் என்பதைக் கவனிப்பதில்லை. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை இவையெல்லாம் அதற்கு முன்னால் வருகின்றன. நாம் தினமும் உட்கார்ந்து செய்வது, நேர்மையாகச் சொன்னால், ஆறாவது அங்கமான தாரணைக்கான முயற்சி. ஓர் இடத்தில் கவனத்தை வைப்பது, நழுவினால் மறுபடி வைப்பது. அந்த வரிசையின் தலையில் இருக்கும் இயமம் பிறரிடம் நாம் நடந்துகொள்வதைப் பற்றியது. அதில் முதல் சொல் அகிம்சை. மகனிடம் கத்தியதைப் பற்றிக் கீழே பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனம் அலைவது நோயும் அல்ல. ஹார்வர்டில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரக்கணக்கானவர்களைக் கைபேசி வழியாக அவ்வப்போது கூப்பிட்டு ‘இந்த நொடி மனம் எங்கே இருக்கிறது’ என்று கேட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் சுமார் 47 சதவீதம், மனம் செய்கிற வேலையில் இல்லை. மனித மனத்தின் இயல்பே இப்படி இருக்கும்போது, அரை மணி நேரத்தில் நூறு முறை அலைந்தேன் என்று நீங்கள் வருந்துவதில் பொருளில்லை. நூறு முறை அலைந்ததைக் கண்டுபிடித்தீர்கள் என்பதுதான் கணக்கு. பாட்டுப் பழகுகிறவர், சுருதி விலகியதைத் தன் காதால் கேட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும்தான் பாட்டுக் கற்றுக்கொள்கிறார், இதுவும் அப்படித்தான். ‘அடச்சே, மறுபடியும்’ என்று சலித்துக்கொள்ளாமல் திரும்புவதுதான் கொஞ்சம் கடினம். அந்தச் சலிப்பும் இன்னொரு எண்ணம் என்று பிடிபட வெகுநாள் ஆகும், ஆகட்டும்.

எந்த முறை என்று கேட்டீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முறைக்கு முறை தாவுவதற்கு நீங்கள் மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு முறையும் தானே எல்லாருக்கும் ஏற்றது என்று விற்கப்படுகிறது.

வெளியில் எத்தனை பெயர்கள் இருந்தாலும் உள்ளே நடக்கும் வேலையைப் பார்த்தால் சில வகைகள்தாம். மந்திரம், தீபச் சுடர், புருவ மத்தி, மூச்சு என்று ஒரு பொருளில் கவனத்தை ஊன்றுவது ஒன்று. 1950-களிலிருந்து மகரிஷி மகேஷ் யோகி பரப்பிய ஆழ்நிலைத் தியானம் மந்திரத்தை வைத்து, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இருபது இருபது நிமிடம் செய்வது. இன்னொரு வகை எதையும் பிடித்துக்கொள்ளாமல், உடலிலும் மனத்திலும் வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. பர்மாவில் கற்று வந்து சத்திய நாராயண கோயங்கா இந்தியாவில் பரப்பிய விபாசனா இந்த வழி. 1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஸின், நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்தவர்களுக்காக எட்டு வாரப் பயிற்சியாக அமைத்ததும் பெரும்பாலும் இதிலிருந்து எடுத்ததுதான். மைண்ட்ஃபுல்னெஸ் என்று இன்று எங்கும் சொல்கிறார்களே, அது. மூன்றாவதாக, நட்பு, கருணை போன்ற ஓர் உணர்வை மனத்தில் வளர்ப்பது. நான்காவதாக விசாரம், ரமணர் சொன்ன ‘நான் யார்’ என்று எண்ணத்தின் வேரையே கேட்பது. விசாரம் சுருக்கமாகச் சொல்லக்கூடியதும் இல்லை, துக்கத்தில் இருக்கும் ஒருவர் தனியாகத் தொடங்கக்கூடியதும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆளைப் பார்த்து முறையைத் தேர்வது புதிய யோசனை அல்ல. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் அனுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி எழுதிய விசுத்திமக்கம் என்ற நூல், தியானத்துக்கு 40 பொருள்களைச் சொல்கிறது. மனிதர்களின் சுபாவத்தை ஆறாகப் பிரித்து, யாருக்கு எது பொருந்தும் என்றும் வகுக்கிறது. சினம் மிகுந்தவர்களுக்கு நட்பு, கருணை போன்ற உணர்வுகளை மனத்தில் வளர்க்கும் பாவனைகள். யோசித்து யோசித்தே களைத்துப்போகிறவர்களுக்கு மூச்சு.

அந்த நூலில் உங்களுக்கென்றே எழுதியதுபோல் ஓர் இடம் இருக்கிறது. நட்புப் பாவனையைத் தொடங்கும்போது யாரை நினைக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் வரும். பகைவரை வைத்துத் தொடங்கக் கூடாது என்பது நமக்கே தெரியும். மிகவும் நெருக்கமானவரை வைத்தும் தொடங்கக் கூடாது என்கிறார். அவருக்குச் சின்னத் துன்பம் என்று நினைத்தாலே அழுகை வந்துவிடுமாம். இறந்துபோனவரை வைத்துச் செய்யவே கூடாது என்கிறார். இறந்துபோன தன் ஆசிரியரை நினைத்துப் பாவனை செய்த ஓர் இளம் துறவிக்கு மனம் கூடாமலே போனது என்று ஒரு கதையும் சொல்கிறார். செயலியில் பேசிய குரலுக்கு உங்கள் அம்மா இறந்தது தெரியாது. ‘மிகவும் பிடித்தவர்’ என்று அது சொன்னதும் உங்களுக்கு அம்மா வந்தார். வராமல் எப்படி இருப்பார்? அதில் உங்கள் தோல்வி எதுவும் இல்லை. பதிவு செய்த குரலை வைத்துப் பழகுவதில் உள்ள குறைபாடு அது. நேரில் ஆசிரியர் ஒருவர் இருந்திருந்தால், முதல் நாளே உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு ஒருவரை நினைக்கச் சொல்லியிருப்பார்.

ஆகவே அந்தப் பாவனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். புத்தகோசரின் கணக்குப்படி பார்த்தால் உங்களுக்கு மூச்சுதான் வாய்க்க வேண்டும். ஆனால் மூச்சு என்றதும் அதைப் பிடித்து இழுத்து நீட்டுகிற பழக்கம் உங்களுக்கு ஏற்பட்டுவிட்டது. அது மறக்கும்வரை பாதத்துக்கு வாருங்கள். காலைத் தூக்குவது, நகர்த்துவது, வைப்பது, எடை இறங்குவது. மெதுவாக நடந்தபடி இதைக் கவனியுங்கள். உட்காரும்போது கண்ணைப் பாதி திறந்து, தொடைமேல் இருக்கும் கைகளின் எடை, தரையில் படும் பாதம் இவற்றில் கவனம் இருக்கட்டும். தரையில் படும் பாதத்தை நாம் மூச்சைப்போல இழுத்து நீட்டிவிட முடியாது. அது இருக்கிறபடி இருக்கும். உங்களுக்கு இப்போது தேவையானதும் அதுதான். சில வாரங்கள் போனபின் மூச்சு தானாகவே கவனத்துக்குள் வரும். வந்தால் வரட்டும்.

மகன் கதவைத் திறந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இந்தப் பகுதி.

ஒரு காரணம் எளிது. மூன்று மணிக்கே விழித்தவர் நீங்கள். தூக்கம் குறைந்தால் எரிச்சல் கூடும். அதற்குத் தத்துவம் தேவையில்லை. அதிகாலைதான் தியானத்துக்கு உகந்தது என்பார்கள். சரிதான், இரவு தூங்கியவர்களுக்கு.

இன்னொரு காரணம் கொஞ்சம் சங்கடமானது. அந்த அரை மணி நேரத்தை உங்கள் அமைதி என்று உடைமையாக்கிவிட்டீர்கள். உடைமை ஆனதும் அதைக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் அதைக் கெடுக்க வருபவர்கள் ஆகிவிடுகிறார்கள். கதவு திறந்தால் குற்றம், பாத்திரம் உருண்டால் குற்றம். நாள் முழுக்க அடக்கி வைத்த கோபத்துக்கு ‘என் தியானத்தைக் கெடுத்துவிட்டான்’ என்ற கௌரவமான காரணம் கிடைத்துவிடுகிறது. உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. வருடக்கணக்காகப் பழகியவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் கத்துவதில்லை. உதட்டை இறுக்கி ஒரு புன்னகையோடு எழுந்து போவார்கள். வீட்டார் அதற்கும் பயப்படுவார்கள்.

கதவு திறந்த அந்த நொடியில் உங்களுக்குள் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? தூக்கிவாரிப் போட்டிருக்கும். தோள் இறுகியிருக்கும். தாடை கடித்திருக்கும். பிறகு முகத்தில் சூடு. அதற்குப் பிறகுதான் சொல். இந்த வரிசை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஒன்றரை வருடமாக நீங்கள் பழகிய கவனிப்பு இருக்கிறதே, அது பயன்பட வேண்டிய இடம் இதுதான். நிசப்தத்தில் மூச்சைப் பார்ப்பது பயிற்சி. தோள் இறுகுவதை, சொல் வெளியே வருவதற்கு முன்னால் பார்ப்பது பலன். எல்லா நாளும் முடியாது. கத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் தெரியும். பிறகு கத்திக்கொண்டிருக்கும்போதே தெரியும். அது மிகவும் சங்கடமான கட்டம், பலர் அங்கேதான் ‘எனக்குக் கோபம் அதிகமாகிவிட்டது’ என்று நினைத்துப் பயிற்சியையே விடுகிறார்கள். கோபம் கூடவில்லை, தெரிய ஆரம்பித்திருக்கிறது. அதையும் தாண்டினால் வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் தெரியும். நல்ல மனுஷியாக ஆகவேண்டும் என்று எழுதினீர்களே, அந்த ஒரு நொடிக்கு மேல் பெரிதாக எதையும் என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகளுக்கு அது போதும்.

இனிமேல் உட்காரும்போது கதவைத் தாழிடாதீர்கள், சும்மா சாத்துங்கள். யாராவது வந்தால் எழுந்து பதில் சொல்லுங்கள். அதோடு அன்றைய அமர்வு முடிந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். மகனிடம் ‘அன்னைக்குக் கத்தினது தப்பு’ என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். தியானத்தைச் சாக்காகச் சொல்ல வேண்டாம். மகளிடம் மாதம் ஒருமுறை கேளுங்கள், அம்மா எப்படி இருக்கிறேன் என்று. உங்கள் முன்னேற்றத்தை அளக்க அவளைவிட நம்பகமான ஆள் கிடைக்க மாட்டார். தொடர்ந்து எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள் என்று பூப்போட்டுக் காட்டுகிற செயலியால் இதை அளக்க முடியாது.

அண்ணன் விஷயத்தில் எனக்கு உங்களோடு உடன்பாடில்லை. தியானம் கைகூடினால் மனத்தாங்கலைத் தாண்டிவிடலாம் என்கிறீர்கள். பேச வேண்டியதைப் பேசாமல், கேட்க வேண்டியதைக் கேட்காமல், ஆன்மிகத்தால் அதைத் தாண்டிவிடப் பார்ப்பது அடிக்கடி நடப்பதுதான். ஜான் வெல்வுட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் இதற்கென்றே ஒரு பெயர் வைத்தார். ஆன்மிகச் சுற்றுவழி என்று சொல்லலாம். அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் வந்த வருத்தமா, பணமா, சொல்லில் பட்ட காயமா, நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் அது இரண்டு பேருக்கு நடுவில் நடந்தது. ஒருவர் மட்டும் கண்ணை மூடி உட்கார்ந்து அதைத் தீர்க்க முடியாது. பேசத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேசாமலே இருப்பதும் சில நேரம் சரியான முடிவுதான். ஆனால் அதை யோசித்து முடிவாக எடுங்கள். தியானம் பார்த்துக்கொள்ளும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது தூக்கம். நீங்கள் அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். நான் போகிறபோக்கில் விட முடியாது. அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து மறுபடி தூங்க முடியாமல் போவது மனச்சோர்வு நோயின் தெரிந்த அறிகுறிகளில் ஒன்று. துக்கத்திலும் அது வரும், பதற்றத்திலும் வரும், உங்கள் வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஹார்மோன் மாற்றங்களாலும் வரலாம். இவற்றை எழுத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. முன்பு பிடித்தவற்றில் நாட்டம் போய்விட்டதா? பசி குறைந்ததா? காலையில் மனம் மிகவும் கனத்து, மாலையில் கொஞ்சம் லேசாகிறதா? ‘இருந்து என்ன’ என்று தோன்றுகிறதா? இவற்றில் ஒன்றிரண்டு பெரும்பாலான நாள்களில், இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ நேரில் பாருங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் இரண்டு வாரம் பார்க்க வேண்டாம். இன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

தியானமே போதாதா என்று கேட்பீர்கள். 2014-இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் 47 ஆய்வுகளை, 3,500-க்கும் மேற்பட்டவர்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் வலிக்கும் தியானப் பயிற்சியால் மிதமான பலன் உண்டு. உடற்பயிற்சி, மருந்து, மற்ற சிகிச்சைகள் இவற்றைவிட மேலானது என்பதற்கு ஆதாரம் இல்லை. 2022-இல் வந்த இன்னோர் ஆய்வு, பதற்ற நோய் உள்ள 276 பேரில் பாதிப் பேருக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரையும் பாதிப் பேருக்கு கபாட்-ஸின்னின் எட்டு வாரப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தது. பயிற்சி மாத்திரைக்குக் குறைந்ததாக இல்லை. இதைத் தியானத்துக்குக் கிடைத்த வெற்றியாகப் பலர் பகிர்ந்தார்கள். ஆனால் அந்தப் பயிற்சி வாரம் ஒருமுறை ஆசிரியரோடு இரண்டரை மணி நேரம், வீட்டில் தினம் 45 நிமிடம் என்று நடப்பது. தனியாகக் கைபேசியை வைத்துக்கொண்டு செய்ததல்ல. மனச்சோர்வுக்கென்றே தியானத்தையும், எண்ணப் பழக்கங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் அறிதல் நடத்தைச் சிகிச்சையையும் சேர்த்து ஒரு முறை இருக்கிறது. அதை உருவாக்கியதே, பலமுறை மனச்சோர்வு வந்து குணமாகி நிற்பவர்களுக்கு அது மறுபடி வராமல் இருக்க. நோய் உச்சத்தில் இருப்பவரை மௌனமாக உட்காரச் சொன்னால், பலருக்கு அது தன்னைத்தானே திட்டிக்கொள்ளும் நேரமாகிவிடும். மருந்து தேவை என்று மருத்துவர் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். தியானமும் மருந்தும் ஒன்றோடொன்று மோதாது. சாப்பிடுகிற மருந்தைத் தியானத்தை நம்பி நிறுத்துவதுதான் ஆபத்து.

அம்மாவுக்காக அழுவதை நிறுத்த ஒரு முறை கேட்காதீர்கள்; என்னிடம் இல்லை. அந்த அழுகைக்கு வேறு நேரம் கொடுங்கள், வேறு துணையும் கொடுங்கள். அம்மாவைத் தெரிந்த ஒருவரிடம் அம்மாவைப் பற்றிப் பேசுங்கள்.

எட்டு வாரத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள். ஐந்து மணி அமர்வை நிறுத்திவிடுங்கள். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். வெகுநேரம் புரண்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது படுங்கள். அந்த நேரத்தில் தியானம் செய்து தூக்கத்தை வரவழைக்கப் பார்க்க வேண்டாம். பகலிலோ மாலையிலோ, வீட்டாருக்கும் தெரிந்த ஒரு நேரத்தில், பத்து நிமிடம் நடையும் ஐந்து நிமிடம் அமர்வும் போதும். சலித்தாலும் முறையை மாற்றாதீர்கள். நெஞ்சு இறுகினால் கண்ணைத் திறந்து, அறையில் தெரியும் பொருள்களைப் பார்த்து, எழுந்துவிடுங்கள். தாக்குப்பிடித்து உட்காருவதில் பெருமை ஒன்றும் இல்லை. ஒரு நோட்டில் இரவு ஒரு வரி எழுதுங்கள். அமர்வு எப்படி இருந்தது என்பதை எழுத வேண்டாம். இன்று எப்போது எரிச்சல் வந்தது, எவ்வளவு நேரம் கழித்துத் தெரிந்தது, அதை மட்டும் எழுதுங்கள்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பதை நம்பி, இருபத்திரண்டாம் நாள் உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். அந்த எண், மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960-இல் எழுதிய புத்தகத்தால் பரவியது. தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக எடுத்துக்கொண்ட காலத்தைப் பற்றித்தான் அவர் எழுதினார். லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில் ஒரு பழக்கம் தானாக நடக்கச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய வித்தியாசத்தைச் செய்யவில்லை.

பத்து நாள் முகாமுக்கு இப்போது போக வேண்டாம். கோயங்கா மரபு முகாம்களில் காலை நான்கு மணிக்கு எழுந்து, நாளுக்குப் பத்து மணி நேரம் அளவுக்கு உட்காருவார்கள். பேச்சில்லை, வாசிப்பில்லை, கைபேசியில்லை. நல்ல தூக்கமும் உறுதியான மனமும் உள்ளவர்களுக்கு அது அருமையான அனுபவமாக அமையலாம். பத்து நிமிடத்தில் நெஞ்சு இறுகுகிற, மூன்று மணிக்கு விழிக்கிற, அம்மாவை இழந்து ஒரு வருடமே ஆன ஒருவருக்குப் பத்து மணி நேரம் என்பது அதிகம். நீண்ட முகாம்களில் சிலருக்குக் கடும் பதற்றமும் தூக்கமின்மையும் அபூர்வமாக நிஜத்தோடு தொடர்பறுந்த நிலையும் ஏற்பட்டது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் பொறுப்பாக நடத்துகிற இடங்களில் விண்ணப்பத்திலேயே மனநலத்தைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் கேட்பார்கள். பிற்பாடு போகிறபோது அங்கே எதையும் மறைக்காமல் எழுதுங்கள். மருத்துவர் பார்த்து, தூக்கம் சீராகி, நடுவில் எழாமல் அரை மணி நேரம் உட்கார முடிகிற நிலை வந்தபின், முதலில் ஒரு நாள் முகாம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். தோழியிடம் ‘இந்த வருஷம் இல்லை’ என்று சொன்னால் போதும்; விளக்கம் கேட்டால் உளவியலாளர் சொன்னார் என்று என்மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.